ஏழாம் வகுப்பு நிற்கிறது

உலகம்மாள் டீச்சரின் நாற்காலியைத் தலைமையாசிரியர் தம் நாற்காலியின்மேல் போட்டு உட்கார்ந்தபோது, அவர் தலைக்கும் மின்விசிறிக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

அடியில் இருந்தது அவருடைய சொந்த நாற்காலி. அதன்மேல் தையல் டீச்சருடையது. அதன்மேல் ஓவிய வாத்தியாருடையது. உச்சியில் உலகம்மாளுடையது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் உபரி என்று முடிவாகிவிட்டால் நாற்காலி மேலே போய்விடும், ஆள் வராந்தாவுக்கு வந்துவிடுவார். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தையல் டீச்சர் வராந்தாவில் நின்றபடியே ஒரு நாள் சுவரோடு சுவராகிவிட்டார். அங்கே சுண்ணாம்பு கொஞ்சம் புடைத்திருக்கும், அவ்வளவுதான்.

உலகம்மாள் மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

"சார்," என்றாள், அண்ணாந்து பார்த்து. "முட்டு வலிக்கு. ஒரு ஸ்டூலாவது குடுங்க."

மேலேயிருந்து பதில் வந்தது. மின்விசிறி அதை நறுக்கி நறுக்கிக் கீழே போட்டது.

"பரி," என்று விழுந்தது. "சீலி," என்று விழுந்தது. கடைசியாக, "ப்போம்."

தலைமையாசிரியர் பெயர் ஆவுடையப்பன். உலகம்மாள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இதே பள்ளிக்கூடத்தில், இதே ஏழாம் வகுப்பில், முதல் பெஞ்சில் இருந்த பையன்தான். டீச்சர் உள்ளே வந்தால் பிள்ளைகள் எழுந்து நின்று "வணக்க்க்கம் டீச்ச்ச்சர்" என்று ராகம் இழுக்க வேண்டும். டீச்சர் "உக்காருங்க" என்று சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள வழக்கம்தானே. ஆவுடையப்பன் சொல்லுமுன்னே உட்காருவான். ராகம் "டீச்" வரை வரும்போதே பாதி உட்கார்ந்திருப்பான். சின்னப் பிள்ளை, கால் வலிக்கும் போல என்று அவள் விட்டுவிட்டாள்.

அன்றைக்கு விட்டதை இன்றைக்குப் பிடிக்க வேண்டும் என்று வராந்தாவில் நின்றுகொண்டு நினைத்தாள்.

எல்லாம் அந்தப் பெட்டிகள் வந்த பிறகு நடந்தது.

அரைப்பரீட்சை சமயத்தில் ஒரு லாரி வந்தது. பெட்டிகளை இறக்கியது. பெட்டிகள் லேசாக மூச்சு விட்டன. லாரி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

"வகுப்பறைக்குப் புதுத் தொழில்நுட்பம்," என்றார் ஆவுடையப்பன். அப்போது அவர் மூன்று நாற்காலி உயரத்தில்தான் இருந்தார். பேச்சு காதில் முழுசாக விழும். "நீங்கதான் டீச்சர் இதையெல்லாம் என்ன ஏதுன்னு பாத்து வகுப்புக்குக் கொண்டாரணும். உங்கள மாதிரி ஆர்வம் இங்க வேற யாருக்கு இருக்கு?"

அதில் பொய் இல்லை. உலகம்மாளுக்கு ஆர்வம் உண்டு. அவள் சமூக அறிவியல் நடத்துகிறவள். உலக உருண்டை உடைந்துபோன வருஷம் ஒரு பூசணிக்காயை வாங்கி, சுண்ணாம்பைத் தொட்டு அதில் கண்டங்களை வரைந்து பாடம் நடத்தினாள். பாடம் முடிந்ததும் சத்துணவுச் சமையல் மாடத்தி அந்த உலகத்தைத் தோல் சீவி, நறுக்கி, சாம்பாரில் போட்டாள். ஆப்பிரிக்கா யார் தட்டில் விழுந்தது என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள். அப்படிப்பட்ட டீச்சர், கண்ணுகளா, பெட்டி வந்தால் சும்மா இருப்பாளா? பெட்டிகளைக் கண்டதும் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் பெட்டியில் தொட்டால் எழுதும் பலகை இருந்தது. வங்காள விரிகுடாவைத் தொட்டாள். விரல் நனைந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. இமயமலையைத் தொட்டாள். விரல் மரத்துப்போனது. பலகை நல்ல பலகை என்று முடிவு செய்தாள். அன்றைக்கு மதியம் பிள்ளைகள் தாமிரபரணியில் தட்டுக் கழுவ வரிசையில் நின்றார்கள்.

இரண்டாவது பெட்டியில் பெரிய கண்ணாடி இருந்தது. மாட்டிக்கொண்டால் எந்த இடத்துக்கும் போகலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. மாட்டினாள். அவளுடைய முதுகு தெரிந்தது. முதுகு ஒரு வராந்தாவில் நின்றது. பிறகு அந்த முதுகு முன்னால் போகாமல் பின்னாலேயே நடந்து அவளை நோக்கி வந்தது. பழுது என்று நினைத்துக் கழற்றி வைத்தாள்.

கடைசிப் பெட்டியில் கிஷோர் இருந்தான். குமிழ்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் குமிழ்களை டப் டப்பென்று உடைத்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு எழுந்தான்.

"ஹாய் மேடம். நான் கம்பெனியில இருந்து வரேன். எனக்கு ஒரு வருஷம் வாரண்டி."

அவன் கையில் சோற்று டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு.

"இது என்னது தம்பி?"

"இது நீங்க மேடம்."

"நானா?"

"இன்னும் ஆகல. நீங்க பேசப் பேச ஆகிடும்."

அரைப்பரீட்சை லீவில் பள்ளிக்கூடம் காலி. பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் இல்லாத ஏழாம் வகுப்பில் உலகம்மாள் பெட்டிக்கு முன்னால் நின்று பாடம் நடத்தினாள். தக்காண பீடபூமியைச் சொன்னாள். பருவக்காற்றைச் சொன்னாள். சோழர் குளம் வெட்டியதைச் சொன்னாள்.

"இன்னும்," என்றது பெட்டி.

வருகைப்பதிவைச் சொன்னாள். பிள்ளைகளைத் திட்டுகிற திட்டுகளைச் சொன்னாள். "பின்னால என்னல சத்தம்" என்பதைக் கோபமாக ஒரு தடவையும், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தடவையும் சொன்னாள். இருமினாள். பெட்டி அதையும் எடுத்துக்கொண்டது.

சொன்னது சொன்னபடி போனது. தக்காண பீடபூமியைச் சொல்லி முடித்ததும் வாயில் அந்த இடம் பல் பிடுங்கினது மாதிரி குழிந்துபோனது. நாக்கால் தடவிப் பார்த்தாள். வழுவழுப்பாக இருந்தது.

"தம்பி, சொன்னது திரும்ப வாய்க்கு வரமாட்டேங்கு."

"அது பத்திரமா இருக்கு மேடம்."

"எங்க இருக்கு?"

"இங்க இல்ல."

வீட்டுப் பேச்சு போகவில்லை. உப்பு போதுமா, பால் பொங்குதா பாரு, அதெல்லாம் இருந்தது. வகுப்புப் பேச்சுதான் போனது. லீவு முடியும்போது விளக்கு முக்கால்வாசி பச்சையாகியிருந்தது. கொஞ்சம்போல சிவப்பு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது தூசியாக இருக்கும் என்றான் கிஷோர். துடைத்தான். போகவில்லை.

பெட்டிக்கு சிக்னல் வரக் காற்றில் வழி வேண்டும் என்றும் சொன்னான். வழியில் முற்றத்து வாகை மரம் நின்றது. அதை வெட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து மணியாக அந்த மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு தரையில் கிடந்தது. மணி அடிப்பதும் மாடத்தியின் பொறுப்புதான். அவள் குனிந்து அதைத் தரையில் வைத்தே அடித்தாள். தேங்காய் அழுகிப்போனால் தட்டும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் வந்தது. யாரும் வகுப்புக்கு வரவில்லை. மாடத்தி வகுப்பு வகுப்பாகப் போய், "மணி அடிச்சாச்சு, மணி அடிச்சாச்சு," என்று வாயால் சொல்லிவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று உலகம்மாளின் மேஜைமேல் பெட்டி இருந்தது. மேஜைக்குப் பின்னால் நாற்காலி இல்லை.

"உங்களத்தான் பெட்டிக்குள்ள முழுசாக் கொண்டாந்தாச்சே டீச்சர்," என்றார் ஆவுடையப்பன், உச்சியிலிருந்து. தமக்கு வேண்டிய பேச்சு என்றால் மின்விசிறியை நிறுத்திவிடுவார். "ஒரு வகுப்புக்கு ரெண்டு உலகம்மா எதுக்கு? நீங்க உபரி."

"நான் உங்களுக்கு மூணு நதியோட பேரு சொல்லிக் குடுத்தவ சார்."

"அந்த நதியெல்லாம் இப்ப பலகையில இருக்கு."

இப்படித்தான் அவள் வராந்தாவுக்கு வந்தாள். வகுப்பைப் பார்த்து நடந்தால் வராந்தா நீண்டது. கேட்டைப் பார்த்து நடந்தால் சுருங்கியது. பள்ளிக்கூடம் தன் எண்ணத்தைத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

ஏழாம் வகுப்பில் பெட்டி பாடத்தைத் தொடங்கியது. முதலில் அவளுடைய இருமலை இருமியது. பிள்ளைகள் டீச்சர் வந்துவிட்டதாக எண்ணி எழுந்தார்கள். "வணக்க்க்கம் டீச்ச்ச்சர்," என்று ராகம் இழுத்தார்கள். இழுத்துவிட்டு நின்றார்கள்.

பெட்டி நேரே தக்காண பீடபூமிக்குப் போய்விட்டது.

பிள்ளைகள் நின்றார்கள். பருவக்காற்று வந்தது. நின்றார்கள். சோழர் குளம் வெட்டினார்கள். நின்றார்கள். மதியம் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். சாயங்காலம் மணி என்று மாடத்தி சொன்னதும் நின்றபடியே நடந்து வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் உட்காரப் பார்த்தார்கள். முழங்கால் மடங்கவில்லை. டீச்சர் உட்காரச் சொல்லாமல் அது எப்படி மடங்கும்?

முப்புடாதி என்று ஒரு சிறுமி. அவள் அம்மா மறுநாளே வந்து நாற்காலிகளுக்குக் கீழே நின்று கத்தினாள்.

"எம் மவள சைக்கிள் மாதிரி செவுத்துல சாத்தி வச்சி உறங்கப் போடுதேன் சார்! ராவுல சரிஞ்சி சரிஞ்சி விழுதா!"

"நின்னு படிச்சா நிமிந்து வருவாம்மா."

"ஒங்க பிள்ளைக்கும் இப்படித்தானா?"

"என் பிள்ள டவுன்ல படிக்கான்."

உலகம்மாள் வராந்தாவில் நின்று இதைக் கேட்டாள். அவள் கண்ணுக்கு ஜன்னல் வழியாகப் பிள்ளைகளின் கால்கள் தெரிந்தன. கணுக்காலெல்லாம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. அவளுக்கு வயிற்றில் ஒன்று பற்றிக்கொண்டது. நெருப்பு இல்லை. நெருப்பு என்றால் அணைந்துவிடும். இது உமி. மேலே சாம்பலாகத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும்.

மாடத்தி ஒரு தம்ளரில் காபி கொண்டுவந்தாள்.

"குடிங்க டீச்சர். ஒங்களப் பாத்தா எனக்குக் கால் கடுக்கு."

"நீயும் ஏன் நிக்க? உக்காரு, மாடத்தி."

சொன்னதும் இருவரும் திகைத்துப்போனார்கள். அது வீட்டுப் பேச்சு இல்லை. கணீரென்ற வகுப்புச் சொல். அது மட்டும் அவள் வாயில் மிச்சம் இருந்திருக்கிறது. லீவில், காலி வகுப்பில், உட்காரச் சொல்ல யார் இருந்தார்கள்? பெட்டி கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

மாடத்தி பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலோரம் நின்ற ஒரு பையனின் முழங்கால் லேசாக மடங்கியது. அதே நேரம் உள்ளே பெட்டி பாடத்தை நிறுத்தியது. சிவப்பு விளக்கு ஜன்னல் பக்கம் திரும்பியது.

"இன்னும்," என்றது.

உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரே ஒரு சொல்லு இருக்கு," என்றாள் மாடத்தி, தரையிலிருந்து. "அதையும் அந்தச் சனியன் காதுல போட்டுறாதீய."

"போட்டா பிள்ளைக உக்காரும் மாடத்தி."

"போட்டா நீங்க காலத்துக்கும் நிப்பீய. நாளைக்கு சுண்ணாம்போட சுண்ணாம்பா, தையல் டீச்சருக்குத் தொணையா."

"பிள்ளைக காலப் பாத்தியா நீ?"

"பாத்தேன். வீங்க வேண்டியது அந்தக் காலு இல்ல."

உலகம்மாள் காபியைக் குடித்தாள். தம்ளரைக் கொடுத்தாள். அதன்பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

கிஷோரும் அதற்குள் கண்டுபிடித்துவிட்டான். நாற்காலிகளுக்குக் கீழே நின்று மேலே பார்த்துச் சொன்னான். "சார், சிஸ்டத்துல ஒரே ஒரு வார்த்தை இல்ல. அந்தச் சிவப்பு தூசி இல்ல சார், அதுதான் இது. மேடம்கிட்ட இருக்கு."

உலகம்மாளைக் கூப்பிட்டார்கள். கேட்டைப் பார்க்க அவளை நிற்கவைத்து வராந்தாவைச் சுருக்கிக் கொண்டுவந்தார்கள்.

"அதையும் குடுத்திட்டுப் போங்க டீச்சர்," என்றார் ஆவுடையப்பன். "ஒத்தச் சொல்லு. வச்சி என்ன செய்யப் போறீய?"

"குடுக்கேன் சார்."

மேலே நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஆனா இங்ஙன வச்சி வராது. வகுப்புல வச்சித்தான் வரும். முன்னால பிள்ளைக நிக்கணும். அப்பத்தான் அந்தச் சொல்லுக்கு உசிரு."

"சரி."

"நீங்களும் வரணும் சார். நீங்க இந்த வகுப்புல படிச்ச பிள்ள. முதல் பெஞ்சு. நீங்க அங்ஙன இருந்தா எனக்குப் பழைய மாதிரி கணீர்னு வரும்."

"அருமையான போட்டோ சார்," என்றான் கிஷோர். "பழைய மாணவர், பழைய டீச்சர், புது டெக்னாலஜி."

போட்டோ என்றதும் மேலேயிருந்து ஒரு செருப்புக் கால் கீழே வந்து காற்றில் படி தேடியது. ஏணி கொண்டுவந்தார்கள். ஆவுடையப்பன் இறங்கினார். இறங்க இறங்கச் சின்னதானார். தரைக்கு வந்தபோது சாதாரண ஆள். சட்டைப் பையில் பேனா மூடி மட்டும் இருந்தது, பேனா இல்லை. அவர் ஏழாம் வகுப்புக்குப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் டெஸ்கில் இடித்தது. அவர் பக்கத்தில் முப்புடாதி நின்றாள்.

"தள்ளி நில்லு பாப்பா. போட்டோல மறைக்க."

உலகம்மாள் வராந்தாவில் நின்றாள். வகுப்புப் பக்கம் திரும்பினால் அது நீண்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கண்ணாடியில் பார்த்தது ஞாபகம் வந்தது. கேட்டைப் பார்த்து நின்றுகொண்டாள். பின்பக்கமாகவே நடந்தாள். இவள் வெளியே போகிறாள் என்று வராந்தா நம்பிக்கொண்டு சுருங்கியது. நாலு எட்டில் அவள் முதுகு வகுப்புக்குள் நுழைந்தது.

பிள்ளைகள் முதலில் கொண்டையைப் பார்த்தார்கள். பிறகு டீச்சர் திரும்பினாள்.

"வணக்க்க்கம்," என்று கிளம்பியது ராகம். நின்றவர்கள் இன்னும் நிமிர்ந்து நின்றார்கள். முதல் பெஞ்சில் ஆவுடையப்பனின் வாய் தானாகத் திறந்தது. கால்கள் தானாக எழுந்தன. கால்களுக்கு ஞாபகம் அதிகம், தலையைக் காட்டிலும் அதிகம். "டீச்" வரும்போது அவர் வழக்கப்படி உட்காரப் பார்த்தார்.

முழங்கால் மடங்கவில்லை.

"ச்ச்சர்," என்று முடித்தார்.

பெட்டியின் சிவப்பு விளக்கு உலகம்மாளின் வாயையே பார்த்தது. கிஷோர் போனைத் தூக்கிப் பிடித்தான். "சொல்லுங்க மேடம். சத்தமா."

உலகம்மாள் மேஜைப் பக்கம் போகவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போனாள். ஒரு பையன் தலையில் கை வைத்தாள். குனிந்து, அவன் காதோடு வாய் வைத்து, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, ஊசி விழுகிற சத்தத்தைவிட மெல்லச் சொன்னாள்.

பையன் உட்கார்ந்தான். உட்கார்ந்த சுகத்தில் அவனிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவன் அவள் காதைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னான்.

"பருவக்காற்று, டீச்சர்."

அவள் வாயில் ஒரு குழி நிறைந்தது.

"மேடம், கேக்கல," என்றான் கிஷோர்.

"வாய் காஞ்சி கெடக்கு தம்பி. வந்துரும்."

அடுத்த பிள்ளைக்குப் போனாள். அது உட்கார்ந்தது. சோழர் வெட்டின குளத்தை அவள் காதுக்குள் விட்டது. அடுத்தது உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னது. அடுத்தது, "பின்னால என்னல சத்தம்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தது. நாள் கணக்காக நின்று கேட்டதெல்லாம் பிள்ளைகள் கால்களில் இறங்கி வீங்கிக் கிடந்திருக்கிறது. உட்கார உட்கார அது வடிந்து அவளிடம் வந்தது. அந்தப் பக்கம் பெட்டியில் பச்சை விளக்கு வற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும்," என்றது பெட்டி. குரலில் தண்ணீர் இல்லை.

கடைசியாக முப்புடாதி. அவள் உட்கார்ந்ததும் கண்ணை மூடி ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"தக்காண பீடபூமி, டீச்சர்."

"ஆமாட்டி," என்றாள் உலகம்மாள். "மூணு பக்கமும் மலை." அவளே சொன்னாள். அவள் வாயிலிருந்தே வந்தது.

பெட்டி இருமியது. அதனிடம் இருமல் ஒன்றுதான் மிச்சம். வைத்துக்கொள்ளட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

இப்போது வகுப்பில் நிற்கிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.

"டீச்சர்," என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மாள் கரும்பலகையைத் துடைத்தாள்.

"டீச்சர், நான் கூப்பிடுதேன்லா?"

"ஏழாம் வகுப்புல கையத் தூக்காமப் பேசக்கூடாது டீச்சர்," என்று முப்புடாதி எடுத்துக்கொடுத்தாள். டீச்சரிடம்தான் சொன்னாள். கேட்க வேண்டியவருக்குக் கேட்டது.

ஆவுடையப்பன் வலது கையைத் தூக்கி நீட்டினார்.

"டீச்சர், நான் உக்காரட்டுமா?"

வகுப்பே டீச்சரைப் பார்த்தது. அவள் துணியை உதறினாள். சுண்ணாம்புத் தூள் பறந்தது. அவர் மூக்கில் விழுந்தது. அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், கடையில் முருங்கைக்காய் பார்க்கிறது மாதிரி.

"பரிசீலிப்போம் சார்," என்றாள்.

கை நீட்டியபடியே இருந்தது. பதில் வராமல் இறங்காது.

கிஷோர் தன் பெட்டியைத் தேடி எடுத்துவந்தான். "மேடம், என் வாரண்டி முடிஞ்சிடுச்சு," என்றான். அதற்குள் ஒரு வருஷம் ஆகியிருந்தது. உள்ளே இறங்கிக் காலை மடக்கிக்கொண்டான். சுற்றுவதற்குக் குமிழ்க் காகிதம் இல்லை, எல்லாக் குமிழும் உடைந்துவிட்டன. மாடத்தி அரிசிச் சாக்கைச் சுற்றிவிட்டாள். மடியில் இருமுகிற பெட்டியை வைத்தாள். லாரி வந்தது. இந்தத் தடவையும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

நாற்காலிகளை இறக்கினார்கள். தையல் டீச்சரின் நாற்காலியைப் புடைத்த சுவருக்கு முன்னால் போட்டார்கள். மறுநாள் சுவர் சமமாக இருந்தது, நாற்காலியில் தையல் டீச்சர் இருந்தார். தலையில் கொஞ்சம் சுண்ணாம்பு. ஓவிய வாத்தியார் எங்கிருந்தோ வந்து, தன் நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காலு ஒண்ண மாத்திட்டாவ," என்று குறை சொன்னார்.

ஆவுடையப்பன் உலகம்மாளின் பின்னாலேயே நடந்தார், நீட்டிய கையோடு. "டீச்சர்," என்றார். வராந்தாவில் கேட்டார். முற்றத்தில் கேட்டார். வாகை மரம் நின்ற இடத்தில் வந்து நின்று கேட்டார். அதற்குமேல் அவர் கால் நகரவில்லை. நிற்கிற பொருள் ஒன்று வேண்டுமென்று அந்த இடம் காத்துக்கிடந்தது.

மாடத்தி அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். கையைப் பிடித்து ஒரு தொங்கு தொங்கிப் பார்த்தாள். தாங்கியது.

"சார், செத்த அசையாம நில்லுங்க," என்றாள்.

தண்டவாளத் துண்டைக் கயிற்றில் கட்டி அவர் மணிக்கட்டில் தொங்கவிட்டாள். இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கி அடித்தாள். சத்தம் ஊரைத் தாண்டிப் போய்க் கண்மாயில் முட்டித் திரும்பிவந்தது. பிள்ளைகள் நாலு பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள்.

"மரத்தக் காட்டியும் நல்லா கேக்கு," என்றாள் மாடத்தி.

"மாடத்தி," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "டீச்சர்கிட்ட சொல்லு."

"எல்லாம் பரிசீலனையில இருக்காம் சார்."

அதற்குப் பிறகு ஏழாம் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது. தொட்டால் எழுதும் பலகையை உலகம்மாள் திருப்பி அனுப்பவில்லை. அது நல்ல பலகை. பிள்ளைகள் இப்போதும் தாமிரபரணியில்தான் தட்டுக் கழுவுகிறார்கள். வைகையைத் தொட்டால் மணல் ஒட்டுகிறது. பாடத்தை அவள்தான் நடத்துகிறாள், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

ஒரே ஒரு வழக்கம் புதிது. காலையில் மணி அடித்ததும் டீச்சர் வகுப்புக்குள் வருகிறாள். பிள்ளைகள் எழுந்து ராகம் இழுக்கிறார்கள். அவள் முற்றத்துப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், இரண்டு கதவையும் சாத்தி, கொக்கியைப் போட்டு, இழுத்தும் பார்த்துக்கொள்கிறாள். அதன்பிறகுதான் திரும்பி, "உக்காருங்க," என்கிறாள்.

உள்ளே புழுக்கம்தான். ஒரு நாள் முப்புடாதி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எதுக்கு டீச்சர் தெனமும் ஜன்னலச் சாத்துதீய?"

"வெயில் அடிக்குல்லாட்டி," என்றாள் உலகம்மாள்.

வெளியே காலையிலிருந்து விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.